ஏழு பத்து வண்டியும் அது நிற்காத இடமும்

போக்குவரத்துக் கழகக் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பயிற்சி வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். 'மக்களிடம் பேசிச் சமாதானம் செய்வது எப்படி' என்பது தலைப்பாம். மைக்கைக் கையில் கொடுத்தால் "துறையூர் வண்டி புறப்படப் போகிறது" என்று சொல்லத்தான் எனக்கு நாக்கு எழும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பல வருஷம் நேரக் காப்பாளராக நின்று கத்திய பழக்கம் அது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். படிக்கப் பிடிக்காதவர்கள் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நடத்துநராகச் சேர்ந்து, நேரக் காப்பாளராகி, கடைசி ஆறு வருஷம் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிளை மேலாளர் வேலை என்றால் டயர், டீசல், டூட்டி போடுவது என்று நினைத்துவிடாதீர்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு உண்டு, ஆனால் அந்த ரயில் உடையார்பாளையத்து முந்திரித் தோப்புக்குள் வராது. எங்கே போவதென்றாலும் பஸ்தான். ஆகவே ஓர் ஊருக்குக் கோபம் வந்தால் அது நம் வண்டி மேல்தான் இறங்கும். வண்டியை நிறுத்தி, நகரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பேப்பரில் 'அரசுப் பேருந்து சிறைபிடிப்பு' என்று வரும்.

முதல் தடவை பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டாம். நம் மக்களைப் போல இத்தனை மரியாதையாகச் சிறைபிடிக்கத் தெரிந்தவர்கள் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். சாவியைப் பிடுங்க மாட்டார்கள், கண்ணாடியைத் தொட மாட்டார்கள். ஓட்டுநருக்கு டீ வரும். நடத்துநர் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் யார் வீட்டிலிருந்தாவது இட்லி வரும். உள்ளே இருக்கும் பயணிகளில் பாதிப் பேர் இறங்கி, "சரியாத்தான் செய்றீங்க" என்று சொல்லி அவர்களோடு சேர்ந்து நின்றுகொள்வார்கள். ஒருமுறை எங்கள் நடத்துநர் ஒருவர் சிறையில் இருந்தபடியே எனக்குப் போன் செய்து, "அவசரப்பட்டு வந்துடாதீங்க சார், மதியத்துக்குக் கறிக்கொழம்பாம்" என்றார்.

இப்படிப்பட்ட இடங்களில் போய்ப் பேசும் வித்தையை நான் கற்றது எனக்கு முன்பிருந்த ஒரு மேலாளரிடம். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். அவர் போனதும் விதி பேச மாட்டார். முதலில் எங்கேயாவது உட்காருவார். நின்றுகொண்டு பேசினால் அதிகாரி, உட்கார்ந்து பேசினால் வந்த விருந்தாளி என்பார். அடுத்து, குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீர் கொடுத்த கையால் கல்லெடுக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அப்புறம் உறவு தேடுவார். "பொண்ணு எந்த ஊர்ல எடுத்தீங்க?" என்று ஆரம்பித்தால் ஐந்தாவது கேள்விக்குள் அவருக்கு ஒரு மாமனோ மச்சானோ கிடைத்துவிடுவான். லப்பைக்குடிகாட்டில் ஒரு பெரியவர் எதற்கும் மசியாமல் நின்றபோது, துபாயில் இருந்த அவருடைய மகனின் நலத்தை விசாரித்தே அரை மணியில் வண்டியை மீட்டுக்கொண்டு வந்தார்.

நான் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அந்த மூன்றையும் கற்றுக்கொண்டேன். நாலாவதாக அவர் ஒன்று செய்வார். அது பேச்சு முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நடப்பது என்பதால் நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். காலை ஏழு பத்துக்கு அங்கிருந்து அரியலூருக்கு ஒரு டவுன் பஸ் கிளம்பும். ஊரைவிட்டு ஒரு கிலோமீட்டர் வந்ததும், தோப்பை ஒட்டி ஒரு புதுக் குடியிருப்பு இருக்கிறது. நாற்பது வீடு இருக்கும். தாத்தா காலத்தில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பங்கள். இப்போது ஒரு வீட்டில் கொத்தனார், இன்னொன்றில் எலக்ட்ரீசியன், ஒரு வீட்டில் வாத்தியார், நர்சுக்குப் படிக்கும் பெண்கள் இரண்டு பேர். அவரவர் சம்பாதித்து இடம் வாங்கிக் கட்டிய வீடுகள். வண்டி அவர்கள் வாசல் வழியாகத்தான் போகும். நிற்காது. நம் பட்டியலில் அங்கே நிறுத்தம் இல்லை. ஏற வேண்டுமென்றால் திரும்ப ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் நடந்து போய் ஏறி, தங்கள் வாசலைத் தாங்களே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் வண்டியைப் பிடித்துவிட்டார்கள். நான் போனேன். ரோட்டோர மதகில் உட்கார்ந்தேன், தண்ணீர் கேட்டேன். பூங்கோதை என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறவர். பளபளவென்று தேய்த்த செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் எல்லோரும் பார்க்கக் குடித்தேன். அம்மா பிறந்த ஊர் எது என்று விசாரித்ததில் அரும்பாவூர் என்று வந்தது. "அட, எங்க அம்மாவும் அரும்பாவூர்தான். அப்ப நீ எனக்குத் தங்கச்சில்ல!" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு வாரத்துல ஸ்டாப் வந்துடும் தங்கச்சி. அண்ணன் சொல்றேன்" என்றேன். இருபது நிமிஷத்தில் வழிவிட்டார்கள். மேலதிகாரி போனில் பாராட்டினார். நானும் அன்றைக்குக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கிளைக்குள் நடந்தேன்.

நிறுத்தம் கேட்டு அன்றைக்கே எழுதி மேலே அனுப்பினேன். அதோடு பொங்கல் சிறப்பு வண்டிகள் வந்தன. அப்புறம் இரண்டு வண்டிக்கு எஞ்சின் வேலை. தலைக்கு மேல் வேலை என்று சொல்லித் தப்பிக்கலாம், இத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்களிடம் எதற்குத் தப்பிக்க வேண்டும்? கோப்பு எங்கேயோ நின்றது. அதைப் போய் ஏன் என்று கேட்க வேண்டியவன் நான். மறந்துவிட்டேன்.

பங்குனியில் ஒரு காலை, ஏழரை மணி. அந்த வண்டியின் நடத்துநர் போன் செய்தார். "சார், தோப்புகிட்ட மறுபடி புடிச்சிட்டாங்க. நேத்து வண்டி நிக்காம போனதுல ஒரு அம்மாவுக்கு இண்டர்வியூ போயிடுச்சாம்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவை டீ வரலை சார்."

ஜீப்பில் கிளம்பினேன். பாதி வழியில் ஸ்டேஷன் எஸ்.ஐ. கூப்பிட்டார். தங்கமான மனுஷன், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. "ஒம்போது மணி வரைக்கும் பாக்குறேன் சார். அதுக்கு மேல முன்னாடி நிக்கிற நாலஞ்சு பேரு மேல கேஸ் போட்டு ஏத்த வேண்டியதுதான். வேற வழி இல்ல" என்றார். அரசு வேலைக்கு இண்டர்வியூ போகிற ஒரு பெண்ணின் பெயர் அந்த நாலைந்து பேரில் முதலாவதாக இருக்கும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கேஸ் என்று ஒன்று விழுந்தால் இந்த இண்டர்வியூ மட்டுமல்ல, இனி வரப்போகிற எந்த இண்டர்வியூவிலும் அது முன்னால் வந்து நிற்கும்.

போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. வண்டிக்கு முன்னால் இருபது பெண்கள், ஓரமாகச் சில ஆண்கள். நடுவில் பூங்கோதை. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். இண்டர்வியூ போனது அவருக்குத்தான், அங்கன்வாடி உதவியாளர் வேலை. மேலே ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஓட்டுநர் தங்கராசு, கைகளைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திமிர் பிடித்தவன், மனுஷனா இவன், எங்களைப் பார்த்தால் ஆளாகத் தெரியவில்லையா, இறங்கி வந்து மன்னிப்புக் கேள் என்று கீழே இருந்து அவர் மேல் வசை விழுந்துகொண்டே இருந்தது. அவர் அசையவில்லை.

நான் என் பாடத்தைத் தொடங்கினேன். அதே மதகில் உட்கார்ந்தேன். "வெயில் ஏறுதும்மா. ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றேன்.

யாரும் நகரவில்லை. பூங்கோதைதான் பேசினார். சத்தமே போடவில்லை.

"போன தடவையும் தண்ணி கேட்டீங்க சார். குடுத்தேன். தங்கச்சின்னு சொன்னீங்க. அன்னைக்கு வூட்டுக்குப் போயி எல்லார்கிட்டயும் சொன்னேன், மேனேஜரு நம்ம வூட்டுத் தண்ணிய வாங்கிக் குடிச்சாரு, எங்க அம்மா ஊருக்காரராம்னு. ரெண்டு மாசம் வண்டியும் நின்னுச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. ரெண்டு வாரமா நிக்கலை. ஒங்க ஆபீசுக்கு மூணு தடவ போன் பண்ணேன். அப்படி ஒரு ஸ்டாப்பே கெடயாதும்மான்னு வெச்சுட்டாங்க. எங்க கையால தண்ணி குடிக்கிறது ஒங்களுக்கு வேலைல ஒண்ணா சார்? குடிச்சா நாங்க வழி விட்டுடுவோம்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

தம்பிகளே, சுருக்கென்றது. சொல்லிக் கொடுத்தார்களே! அந்தப் பெண் எப்படிக் கண்டுபிடித்தார்?

அவமானம் வந்தால் எனக்கு அடுத்தபடியாக வருவது கோபம். எழுந்து நின்றேன். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் வண்டிக்குள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, "ஒம்போது மணிக்கு போலீஸ் வரும். அப்புறம் என்னைக் கொறை சொல்லக் கூடாது" என்று முடித்தேன். அதுவரை நின்றுகொண்டிருந்த இருபது பேரும் தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நின்றவர்களை உட்கார வைத்ததுதான் அன்று காலை என் பேச்சின் பலன்.

நடத்துநர் என்னைப் பாவமாகப் பார்த்தார். எட்டு இருபது ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் என் பழைய மேலாளரின் நாலாவது பழக்கம் நினைவுக்கு வந்தது. எந்த ஊரில் பேசிவிட்டு வந்தாலும் அடுத்த வாரம் அவர் அங்கே திரும்பப் போவார். காரியம் ஆகியிருந்தாலும் போவார், ஆகாவிட்டாலும் போவார். "ஒண்ணும் ஆகலைன்னு சொல்ல எதுக்கு சார் அம்புட்டு தூரம்?" என்று நான் ஒருமுறை கேலி செய்தேன். "அதைச் சொல்லத்தான்யா நேர்ல போவணும்" என்றார். அவர் தண்ணீர் கேட்டதும் உறவு கேட்டதும் அவரிடம் நிஜமாக இருந்ததற்குக் காரணம் அந்தத் திரும்பப் போவதுதான். நான் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். அவை மட்டும் இருந்தால் ஏமாற்றுக்காரன் செய்வதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் கைவசம் இல்லை. ரோட்டில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஸ்டாப் ஆர்டர் வரவே இல்லம்மா" என்றேன். "எழுதி அனுப்புனேன். அதோட மறந்துட்டேன். மேல நின்னுடுச்சு, கீழ நின்னுடுச்சுன்னு சொல்லலாம். சொல்லலை. நான் மறந்துட்டேன். ரெண்டு மாசம் வண்டி இங்க நின்னதே எனக்குத் தெரியாது. நீ சொல்லித்தான் இப்பத் தெரியுது."

பின்வரிசையில் இருந்து ஒரு வயதான அம்மா கேட்டார். "நீ சொல்லலைன்னா அப்ப ரெண்டு மாசமா நிறுத்துனது யாரு?"

இருபது தலையும் ஒரே நேரத்தில் மேலே நிமிர்ந்து ஓட்டுநரைப் பார்த்தன. தங்கராசு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் எஞ்சின் மூடி மேல் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "மன்னிப்புக் கேக்கச் சொல்லத்தானே சார் ஏறுனீங்க? கேக்க மாட்டேன். என்னை சஸ்பெண்ட் பண்ணிக்கிங்க" என்றார்.

"கேக்கச் சொல்லலை தங்கராசு. நேத்து ஏன் நிறுத்தலை? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த பையைத் துழாவி, நாலாக மடித்த ஒரு காகிதத்தை என் மடியில் வைத்தார். "நீங்க வந்து பேசிட்டுப் போனப்ப நான்தானே சார் வண்டியில இருந்தேன். ஆர்டர் எப்படியும் வந்துடும்னு நெனச்சேன். அதுவரைக்கும் இவங்களை ஏன் நடக்க விடணும்னு நானே நிறுத்திக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ளைங்க கைய நீட்டக்கூட வேணாம், பிரேக்கப் போட்டுடுவேன். சுண்ணாம்புக்கல் லாரிங்க நிக்கிற எடத்துல எப்பவும் பத்து நிமிஷம் போவும். லேட்டுக்கு என்ன காரணம்னு செக்கிங் வந்தவங்க இந்த ஸ்டாப்ப புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் இது வந்துச்சு."

பிரித்தேன். மெமோ. அனுமதியில்லாத இடத்தில் தொடர்ந்து வண்டியை நிறுத்திக் காலதாமதம் செய்தது ஏன் என்று பதினைந்து நாளைக்குள் விளக்கம் தர வேண்டும். கீழே ஒரு கையெழுத்து. அடியில் கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்தது. என் கையெழுத்துதான். காலையில் மேசைமேல் வைக்கிற கட்டில் நாற்பது ஐம்பது காகிதம் இருக்கும். அதில் ஒன்றாக இதையும் போட்டிருக்கிறேன், படிக்காமல்.

"இதை ஏன் தங்கராசு எங்கிட்ட வந்து காட்டலை?"

"கையெழுத்துப் போட்டவருகிட்டயே போயி என்னத்தக் காட்டுறது சார்?"

அவர் கண் கலங்கியிருந்தது. கீழே இருந்து வந்த வசவையெல்லாம் கேட்டுக்கொண்டு இந்தக் காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. பேச்சுவார்த்தைக்கு வந்தவன் இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்பவன் என்பார்கள். அன்றைக்கு இரண்டு தரப்புக்கும் எதிர்த்தரப்பு நானேதான்.

கிளைக்குள் நடக்கும் சங்கதியை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. சரியான விதிதான், நீங்கள் அதை மீறாதீர்கள். நான் மீறினேன். படிக்கட்டில் நின்று அந்த மெமோவைச் சத்தமாகப் படித்தேன். கடைசியில், "இப்படிக்கு கிளை மேலாளர். அது நான்" என்றேன்.

பூங்கோதை எழுந்து ஓட்டுநரின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். "ஏண்ணே, இதை நேத்தே எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"வண்டிய நிறுத்துனாத்தானம்மா சொல்ல முடியும்?" என்றார் தங்கராசு.

அந்த வயதான அம்மா முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தங்கராசு சிரிக்காமல் இருக்கப் பார்த்து முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாய்க்கு வந்தபடி பேசிட்டோம்யா, மனசுல வெச்சுக்காத" என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் டீ வாங்கி வர சைக்கிளை எடுத்தார்.

இந்த இடத்தில் பழைய நானாக இருந்தால் எழுந்து கையைத் தட்டி, "சரிம்மா, வழி விடுங்க" என்றிருப்பேன். கூட்டம் சிரித்துவிட்டால் காரியம் முடிந்தது என்றுதான் நான் எப்போதும் நினைப்பேன். அன்றைக்கு ஏனோ எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தேன். பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கியபடி வண்டியின் முன் பக்கம் பார்த்து நின்றார்.

கிட்டே போனேன். "நீ சொல்லும்மா."

"ஸ்டாப்பு வரும் சார். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வரும். எனக்கு நேத்துப் போனது வருமா?"

முந்தின நாள் நடந்ததை அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். ஊருக்குள் நடந்து போய் ஏற நேரம் பத்தாமல், வாசலிலேயே நின்று ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியிருக்கிறார். வண்டி கொஞ்சம் வேகம் குறைத்து, அப்புறம் போய்விட்டது. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டு, வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அழுதுகொண்டு நின்றவரிடம் அங்கே இருந்த ஓர் அம்மா, நாளைக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு இண்டர்வியூ நடக்கிறது, தக்க காரணம் எழுத்தில் கொண்டுவந்தால் அதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"பஸ்ஸு நிக்கலைன்னு நானே எழுதிக் குடுத்தா நம்புவாங்களா சார்? அதை யாருகிட்ட எழுதி வாங்குறது? அதான் வண்டியப் புடிப்போம், யாராச்சும் வருவாங்கன்னு புடிச்சோம்."

பாருங்கள். முக்கால் மணி நேரமாக நாங்கள் எல்லோரும் நிறுத்தம், மன்னிப்பு, போலீஸ் என்று மாரடித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கடிதம். அதைக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி ஒரு பஸ்ஸைப் பிடித்து வைப்பதுதான்.

மணி எட்டு நாற்பது. நடத்துநரின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வண்டியின் முகப்பில் வைத்து எழுதினேன். 'நிர்வாகக் காரணங்களால் நேற்றுக் காலை மேற்படி பேருந்து குறிப்பிட்ட இடத்தில் நிற்க இயலவில்லை.' முப்பது வருஷ அனுபவம், கை தானாக எழுதிவிடும். பூங்கோதை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"நிர்வாகக் காரணம்னா யாரு சார்?"

நடத்துநர் என் காதருகே வந்து, "வேணாம் சார். வேற மாதிரி எழுதிக் குடுத்தா அது ஒங்க மேலயே திரும்பும். ரிட்டயர் ஆவப் போற நேரத்துல எதுக்கு?" என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். எனக்கும் பயமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தாளைத் திருப்பி வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, வேறு எழுதினேன். இந்தக் குடியிருப்பில் வண்டி நிற்கும் என்று நான் வாக்குக் கொடுத்தேன், அதற்கான ஆணையைப் பெறாமல் விட்டேன், நிறுத்திய ஓட்டுநருக்கு மெமோ கொடுத்தேன், அதனால் வண்டி நிற்கவில்லை, இவர் வந்து சேராததற்குக் காரணம் என் கவனக்குறைவு, இவருடையது அல்ல. பெயர், பதவி, செல் நம்பர் எல்லாம் எழுதினேன். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லு என்றேன்.

அவர் உதடு அசைய இரண்டு தடவை படித்தார். ஃபைலைத் திறந்து சான்றிதழ்களுக்கு மேலே அதை வைத்தார். பிறகு பெண்களைப் பார்த்து, "எந்திரிங்க, நேரமாவுது" என்றார். அவ்வளவுதான்.

எஸ்.ஐ.யின் ஜீப் வந்தபோது எல்லோரும் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கி ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன சார், பிரச்சினைன்னாங்க?" என்றார். "பஸ் ஏறுறாங்க சார்" என்றேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார். டீ வாங்கப் போனவர் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அந்த டீ முழுவதையும் மதகில் உட்கார்ந்து நானும் ஜீப் டிரைவரும் குடித்தோம்.

அன்றைக்கே தங்கராசுவின் மெமோவை ரத்து செய்தேன். நிறுத்தத்துக்கான கோப்பைத் தேடி மேலே நானே போனேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு வாரமும் அந்தக் குடியிருப்புக்குப் போய், "இன்னும் வரலைம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் வாரம் முறைத்தார்கள். இரண்டாவது வாரம், "அதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார்கள். மூன்றாவது வாரம் ஆணையோடு போனேன். கடிதம் எழுதியதற்காக என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இனிமேல் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கை வந்தது. நியாயமான எச்சரிக்கைதான்.

உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகப் பேச வரும். கெட்டிக்காரப் பிள்ளைகள், மக்களிடம் சிரித்த முகமாகப் பேச நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அண்ணே, அக்கா, தங்கச்சி என்று கூப்பிடுவீர்கள். கூப்பிடுங்கள். அந்த வார்த்தைகளை நம் சனம் நம்பிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகாமல் இருப்பதைவிட, சார், மேடம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவது எவ்வளவோ மேல். பூங்கோதை அதற்குப் பிறகு என்னை அண்ணன் என்று அழைத்ததே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் போன் செய்தார். கடிதத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே இண்டர்வியூவில் உட்கார வைத்தார்கள் என்பது முன்பே எனக்குத் தெரியும். முடிவு வந்துவிட்டதாகச் சொன்னார்.

"கெடைக்கலை சார். வேற ஒரு பொண்ணுக்குப் போயிடுச்சு."

"ரொம்ப வருத்தமா இருக்காம்மா?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான்.

"இருக்கும்ல சார்" என்றார். "ஆனா அன்னைக்கு நான் ஃபைலத் தூக்கிக் காட்டயில பஸ்ஸு போச்சு பாருங்க, அந்த மாதிரி இல்ல. இவங்க என்னைய உக்கார வெச்சு, பேரு கேட்டு, பத்து நிமிஷம் பேசிட்டுத்தான் இல்லன்னு சொன்னாங்க."